தவிட்டுக்குப் போன பிள்ளை

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் பூநோம்பி. பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஆவாரம்பூப் பறிக்கப் போவார்கள். கும்மியடிப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். நான் பிறந்தது அந்த நாளில்தான். ஊரெல்லாம் புதுத்துணி உடுத்தும் அந்த நாளில் என் அம்மா எனக்கு மட்டும் கிழிந்த பாவாடையைக் கட்டிவிடுவாள். தலை வாரமாட்டாள், பூப்பறிக்கவும் விடமாட்டாள். பொங்கல் பானையில் சோறு மீதி இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கிடைப்பது பழைய கம்மங்கூழ்தான்.

"இன்னைக்கு என்ன நாளும்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்லாத நாளு. கம்முனு குடி."

ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை நம்பிப் பிழைத்த சிற்றூர் எங்களுடையது. எங்களுக்குக் கொஞ்சம் நெல்வயலும் ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. மூத்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் தொட்டிலிலேயே போனார்களாம். மூன்றாவது ஒரு பெண். அது எப்படிப் போயிற்று என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டால் அம்மா எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள்.

அதனால் நான் பிறந்ததும், பிள்ளை தங்காத வீடுகளில் அந்தக் காலத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வரும் பெண் ஒருத்தி என்னை எடுத்துக்கொண்டு, ஒரு முறம் தவிட்டை அம்மாவின் முன்னால் வைத்தாள். தவிட்டுக்கு வாங்கியாயிற்று. இனி இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. எமன் தேடி வந்தாலும் இங்கே அவனுக்கு வேலை இல்லை. பிள்ளை தேறி வளர்ந்த பிறகு அதே அளவு தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்.

அம்மா என்னைத் திரும்ப வாங்கவே இல்லை. "இன்னொரு வருசம் போகட்டும்" என்பாள். அந்த வருசம் போனதும் மறுபடி அதையே சொல்வாள்.

வாங்கியவளை நான் தவிட்டம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவள் எங்கள் சாதி இல்லை. எங்கள் வீட்டு வாசல் வரை வரலாம், உரலையும் உலக்கையையும் தொடலாம், அதற்கு மேல் இல்லை. அவளுடைய புருசன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தை நான் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்திருந்தது. அம்மாவுக்குப் பேறுகாலக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதால் அவள்தான் எனக்குப் பால் கொடுத்தாள். ஊருக்கு, தவிட்டுக்கு வாங்கியது வெறும் சடங்கு. அவளுக்கு அது சடங்கோடு நிற்கவில்லை.

பூநோம்பியன்று காலையில் அவள் வருவாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், முந்தானையில் முடிந்த ஒரு துண்டு வெல்லம். என்னை வாய்க்கால் படிக்கு அழைத்துப் போய் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பாள். தேய்க்கும்போது, "நூறு வருசம் இருக்கோணும், என் சாமி" என்பாள். அது அவளுடைய மந்திரம். குளிப்பாட்டிவிட்டு வெல்லத்தை என் வாயில் வைப்பாள். பிறகு அதே கிழிந்த பாவாடையைக் கட்டிவிட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவாள். அந்த நேரத்தில் அம்மா வெளியே வரமாட்டாள். எண்ணெய் மணக்கும் தலையோடு நான் உள்ளே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்கு இரண்டு அம்மாக்கள் இருப்பதாகவும், ஒருத்திக்கு என்னைப் பிடிக்கும், இன்னொருத்திக்குப் பிடிக்காது என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வாசலில் இருவரும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு உலக்கையால் மாற்றி மாற்றி நெல் குத்துவதைப் பார்க்கும்போதுகூட அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த மாசியில் வாய்க்காலில் தண்ணீர் நின்று, குட்டைகளில் கிடந்ததைத்தான் குடித்தோம். ஊருக்குள் வாந்திபேதி வந்தது. முதலில் கீழத்தெருவில் ஒரு கிழவர் போனார். அப்புறம் தினமும் ஒரு வீட்டில் பறை கேட்டது. பிறகு பறை அடிக்க ஆள் இல்லாமல் அதுவும் நின்றது. சர்க்கார் ஆள் ஒருவர் வந்து கிணறுகளில் மருந்தைப் போட்டார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறியது. அதைக் குடிக்கப் பயந்து சனங்கள் மறுபடி குட்டைக்கே போனார்கள்.

அம்மாவுக்குக் காலையில் கண்டது. மத்தியானத்துக்குள் அவள் கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல்களெல்லாம் தண்ணீரில் வெகுநேரம் ஊறியதுபோல் சுருங்கிக் கிடந்தன. அப்பா என்னை உள்ளே விடவில்லை. வாசற்படி தாண்டக்கூடாத தவிட்டம்மா அன்றைக்குத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவள்தான் அம்மாவுக்குத் துணி மாற்றினாள், உப்புக் கஞ்சி ஊட்டிப் பார்த்தாள். பொழுது இறங்கும்போது வெளியே வந்து, உரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருசம் எனக்குத் தலை வாரி, துணி துவைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டது அவள்தான். சமையல் மட்டும் அப்பா செய்தார். அவள் பொங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். மறு தை வந்தபோது அப்பாவுக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கல்யாணத்தை நடத்துவதற்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தார்.

பூநோம்பியன்று காலையில் தவிட்டம்மா வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அத்தை வாசலில் நின்றுகொண்டு, "என்ன அது?" என்றார்.

"புள்ளைக்குப் பொறந்த நாளுங்க. தலைக்கு எண்ணெய் வெக்கலாம்னு வந்தனுங்க."

"யாரு புள்ளைக்கு?"

தவிட்டம்மா கிண்ணத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, பலநாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்பவள்போல் மெதுவாகச் சொன்னாள். "ஊட்டுக்குப் புது ஆள் வாராங்க. நாளைக்கு அவிகளுக்கும் புள்ளைகுட்டி ஆகும். இவளை எங்கூட அனுப்பிச்சா நான் பாத்துக்குவனுங்க. தவிட்டுக்கு வாங்கின உரிமை இன்னும் எங்கிட்டத்தானுங்க இருக்குது. யாரும் திருப்பி வாங்கலீங்க."

அத்தை சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. "சடங்குக்குச் சொன்னதை நெசம்னு நெனச்சுட்டியா? குடியானவன் ஊட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயி உன்ற குடிசையில வெச்சுக்குவியா? கேட்டீங்களா நாயத்தை!" பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒரு மொறம் தவிடுதானே? அள்ளிக் கொண்டாந்து போடு. இன்னையோட முடியட்டும்" என்றார்.

அப்பா நல்ல மனிதர். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. அம்மா சாகக் கிடந்தபோது தவிட்டம்மா செய்ததெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. ஆனாலும் அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். முறம் நிறையத் தவிட்டோடு திரும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். காற்றில் கொஞ்சம் பறந்து அவருடைய கைமயிரில் ஒட்டிக்கொண்டது.

தவிட்டம்மா உடனே வாங்கவில்லை. "எண்ணெய் மட்டும் வெச்சுட்டுப் போயிடறனுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். மடியைப் புடி" என்றார் அத்தை.

அவள் முந்தானையை விரித்துப் பிடித்தாள். அப்பா தவிட்டைக் கொட்டினார். நான் அவளிடம் ஓடப் பார்த்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்து தோலில் குத்தியது. எண்ணெய்க் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் தவிட்டம்மா திரும்பி நடந்தாள். மடிக் கனத்தால் கொஞ்சம் குனிந்து நடந்தாள். தெருவில் கும்மிக்குக் கிளம்பிய பெண்பிள்ளைகள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

அந்தத் தவிட்டை அவள் வாய்க்காலில் கொட்டியிருப்பாள் என்று நான் நினைத்தேன். இல்லை. பக்கத்து வீட்டு எருமைக்கு வைத்தாளாம். அந்த மாதமே, மலைக்கு ஆள் சேர்க்க வந்த மேஸ்திரியோடு சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

சித்தி கெட்டவள் இல்லை. எனக்குச் சோறு போட்டாள், துணி எடுத்துக் கொடுத்தாள். ஆனால் பூநோம்பி வந்தால் நான் எல்லாப் பெண்பிள்ளைகளோடும் பூப்பறிக்கப் போகலாம் என்று ஆனபோது எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அன்றைக்குப் பிறந்தவள் நான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பதினைந்து வயதில் எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் பிறந்த நாழிகை கேட்டார்கள். "பொங்கலை ஒட்டிப் பொறந்தவ" என்றார் அப்பா. காலையா சாயங்காலமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் பிறந்தபோது அவர் சந்தைக்கு மாடு ஓட்டிப் போயிருந்தாராம்.

அந்த இரவு என்னை ஒன்று பிடித்துக்கொண்டது. நான் பிறந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே தான் பிறந்ததைப் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு. எனக்குச் சொல்ல வேண்டியவள் செத்துப்போனாள். மிச்சம் இருக்கும் ஒருத்தி மலையில் இருக்கிறாள். அவளும் போய்விட்டால், நான் ஒருநாள் இந்த உலகத்துக்கு வந்தேன் என்பதற்கு ஆள் இல்லை.

பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். வீட்டுக்காரர் காய்கறி விளைவித்துச் சேலத்துக்கு வண்டியில் கொண்டுபோவார். எனக்கு ஒரு ஐப்பசி மழைநாளில் ஆண்பிள்ளை பிறந்தது. அவனுக்கு வருசம் திரும்பியபோது நான் எதுவும் செய்யவில்லை. செய்யவும் பயம், செய்யாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. அன்று முழுக்க அவனைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "காப்பிப்பழம் பறிச்சு முடியட்டும். நெரிசல் கொறையும். ஒரு நாள் போயிட்டு வரலாம்" என்றார்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ் ஒன்று மலை ஏறியது. பாதி வளைவுகளில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரிலிருந்து பழம் பறிக்கப் போய்வந்த ஒருவர் தோட்டத்தின் அடையாளத்தைச் சொல்லியிருந்தார். விசாரித்துக்கொண்டு போய், வரிசையாக இருந்த கூலிக்காரர் வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் அவளைப் பார்த்தேன். குளிர்காய்ச்சல் அவளைத் தின்றிருந்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"தவிட்டம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, சட்டென்று எழுந்து நின்றாள். "வாங்க சாமி" என்றாள்.

"என்னைப் போயி வாங்கன்னு சொல்றியே."

"அளந்து வாங்கிட்டாங்களே. பொறவு எப்பிடி வா போன்னு சொல்றதுங்க?"

அதில் கோபம் இல்லை. எனக்கு உட்காரச் சாக்கை விரித்தாள். என் பையனைப் பார்த்தாள், தொடவில்லை. நானே தூக்கி அவள் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அவனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்.

நான் எதற்காக வந்தேனோ அதைக் கேட்டேன். "நான் பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"நானும் உங்கம்மாளும் புது நெல்லு குத்திட்டு இருந்தமுங்க. வலி எடுத்துருச்சு. 'இந்த ஒரல் முடியட்டும், சொல்லாத'ன்னு பல்லைக் கடிச்சுட்டுக் குத்தினா. மருத்துவச்சியைக் கூப்பிடப் போனா, அவ மகளோட பூப்பறிக்கப் போயிட்டாளாம். தெருவுல ஒரே கும்மிச் சத்தம். உள்ள போறதுக்கும் நேரமில்லை. வாசல்லயே, என்ற கையிலதான் விழுந்தே. அழுவலை நீ. நீலமாக் கெடந்தே. தண்ணியைத் தெளிச்சு, கால்ல ரெண்டு தட்டுத் தட்டினேன். உங்கம்மா ஆணா பொண்ணான்னு கேக்கலை. 'உசிரு இருக்குதா'ன்னு மட்டும் கேட்டா. அப்பத்தான் நீ கத்தினே. உச்சி வெயிலு."

பேச்சுவாக்கில் அவள் என்னை நீ என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு மூத்தவ எப்பிடிப் போனா?"

அவள் பையனின் பாதத்தை விட்டாள். "உங்கம்மா சொல்லலியா? ரெண்டு போயி, இது ஒண்ணு வருசந் தாண்டுதேன்னு உங்கம்மாளுக்கு ஆசை. வருசம் திரும்புன அன்னைக்குக் கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டா. புதுச் சட்டை, காலுக்குத் தண்டை. வந்தவிகெல்லாம் மாத்தி மாத்தித் தூக்கிக் கொஞ்சினாங்க. பொழுதோட காய்ச்சல் கண்டுது. மூணாம் நாளு இல்லை. கண்ணு பட்டுதுன்னாங்க. சோத்துல ஏதோ ஆயிருச்சுன்னாங்க. உங்கம்மா ஒண்ணைத்தான் சொல்லிச் சொல்லி அழுதா. 'நானே எமனைக் கூப்பிட்டு எலை போட்டுட்டேன்'னு."

எனக்குக் கிழிந்த பாவாடை கட்டிய கைகள் கண்முன் வந்தன. ஆனாலும் இன்னொன்று புரியவில்லை. "அப்பிடிப் பயந்தவ, நீ எண்ணெய் வெக்கிறதை மட்டும் எப்பிடி உட்டா?"

"உட்டாளா? எண்ணெயே அவ குடுத்ததுதான். முந்தின நாளு நெல்லு குத்தி முடிச்சதும் தவிட்டுக்குள்ள பொதச்சுக் குடுப்பா, எண்ணெயையும் வெல்லத்தையும். எனக்கேது நல்லெண்ணெய்? 'என்ற கை ஆகாது, நீ செய்யி. தான் பொறந்த நாளு தெரியாம அவ வளரக் கூடாது'ன்னு சொல்லுவா. கதவு இடுக்குல நின்னு பாப்பா. உன்னைக் குளிப்பாட்டிக் கொண்டாந்து உடற வரைக்கும் நின்னுட்டுத்தான் இருப்பா."

நான் அழுதேன். எனக்கு ஒன்றும் செய்யாதவள் என்று நினைத்துக்கொண்டே பெற்றவளை வாய்க்கரிசி போட்டு அனுப்பியிருக்கிறேன். "அன்னைக்கு அத்தை முன்னால இதைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லாதன்னு செத்தவ வாங்குன சத்தியம். சொன்னா மட்டும் அவிக கேட்டிருப்பாங்களா, சாமி?"

எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டேன். வீட்டுக்காரரும் எழுந்து வந்து கூப்பிட்டார். வரமாட்டேன் என்றாள். இன்னொரு ஊரில், இன்னொரு வாசலில் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தபோது மறுபடியும், "போயிட்டு வாங்க" என்றாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலிலேயே அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அவளுக்காக நான் தீட்டுக் காத்தேன். மாமியார் ஆச்சரியப்பட்டு, "அவ உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பெற்றவளுக்கு அடுத்தவள் என்றேன்.

அந்த ஐப்பசியில் என் பையனின் பிறந்த நாளைச் செய்தேன். கிடா வெட்டவில்லை, யாரையும் அழைக்கவில்லை. என் கையாலேயே குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு அவன் பிறந்த கதையைச் சொன்னேன். அன்று பெய்த மழை, ஒழுகிய கூரை, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த நெருப்பு எல்லாவற்றையும். அவனுக்குப் பாதி புரிந்திருக்காது. மறு வருசமும் கேட்டான். அதற்கடுத்த வருசம் தானே சொன்னான், மழையை இன்னும் பெரிதாக்கி.

அந்தப் பங்குனியில் ஊரில் அம்மை போட்டது. வேப்பிலையில் படுத்திருந்தான். கண்களுக்குள்ளும் முத்து இறங்கியிருந்தது. என் குரல் கேட்கும்போதெல்லாம் கையை நீட்டுவான். பத்து நாள் வைத்திருந்து மாரி எடுத்துக்கொண்டாள்.

"பொறந்த நாளு கொண்டாடுனா இப்பிடித்தான்" என்று மாமியார் சொல்லிவிட்டார். துக்கத்தில் சொன்னது. நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். பல நாட்கள் நினைத்தேன். பிறகு கணக்கு எனக்கே புரிந்தது. அம்மா கொண்டாடியும் ஒன்று போயிற்று, கொண்டாடாமல் இரண்டு போயின. ஒளித்து வைத்த நான் இருக்கிறேன். ஆனால் அவள் எமனிடமிருந்து ஒளித்ததைவிட என்னிடமிருந்து ஒளித்ததுதான் அதிகம். கதவு இடுக்கில் அவள் நின்றதை நான் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருந்தால், அவளோடு இருந்த பத்து வருசமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த நாள் செய்தேன், ஒளிக்காமல், என் கையாலேயே. ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கம் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எண்ணெயை அழுத்தித் தேய்ப்பேன். வலிக்கிறது என்று கத்துவார்கள்.

ஐப்பசியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இறந்த நாளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். படையல் உண்டு, காக்கைக்குச் சோறு உண்டு. இறந்த பிள்ளையின் பிறந்த நாளுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். மதியம் கஞ்சி எடுத்துப்போனால், மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, "இன்னைக்குப் பள்ளிக்கோடம் போயிருப்பான்" என்பார். இன்னொரு வருசம், "இந்நேரம் எங்கூட ஏர் புடிப்பான்" என்பார். நான் ஆமாம் என்பேன். அவர் சாப்பிடும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.